கடவுளுக்கு இரத்தம் தேவைப்பட்டதா? – வாசகர் கேள்வி பதில்

தவக்காலம் நெருங்கினாலே பலி, சிலுவை, நோன்பு, நேர்ச்சை பற்றிய கேள்விகள் குவியும். பல வாசகர்கள் ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடவுள் அன்பானவர் என்றால் மன்னித்துவிட்டுப் போகவேண்டியதுதானே? கோபத்தில் இருந்த தந்தையைச் சமாதானப்படுத்த மகன் அடி வாங்கினார் என்று மறையுரையில் கேட்டேன். மனம் ஏற்க மறுக்கிறது. (வாசகர், திருச்சி)

பதில்: ஏற்க மறுப்பது நல்லதுதான். நீங்கள் கேட்டபடி சொன்னால் தந்தை ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம் என்று ஆகிவிடுகிறது. விவிலியம் அப்படிச் சொல்லவில்லை. யோவான் 3:16-இல் கதை தொடங்குவதே தந்தையின் அன்பிலிருந்துதான். மகன் செத்ததால் தந்தைக்கு நம்மேல் அன்பு வந்தது என்று அங்கே இல்லை. அன்பு இருந்ததால்தான் மகனைத் தந்தார். நாம் திருந்திய பிறகு அல்ல, பாவிகளாய் இருந்தபோதே அந்த அன்பு வெளிப்பட்டது என்கிறார் பவுல் (உரோமையர் 5:8). கிறிஸ்துவில் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே என்பதும் அவர் எழுதியதுதான் (2 கொரிந்தியர் 5:19). இயேசுவோ, என் உயிரை யாரும் என்னிடமிருந்து பறிப்பதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார் (யோவான் 10:18). கொடுத்தவரும் கடவுள், கொடுக்கப்பட்டவரும் கடவுள், இருவருக்கும் ஒரே திருவுளம். இதை விட்டுவிட்டுச் சிலுவையை விளக்கினால் எப்படி விளக்கினாலும் கோணலாகத்தான் போகும்.

'சும்மா மன்னிக்கலாமே' என்ற பகுதிக்கு வருவோம். மத்தேயு 18-இல் ஓர் ஊழியன் அரசனுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் நாள் கூலி. ஆக மொத்தக் கடன் ஆறு கோடி நாள் கூலி, எந்தப் பிறவியிலும் அடைக்க முடியாத தொகை. அரசன் அதைத் தள்ளுபடி செய்கிறான். அந்த நஷ்டம் காற்றில் கரைந்துபோகவில்லை, அரசனின் கருவூலத்தில்தான் விழுந்தது. மன்னிப்பவன் இழப்பைத் தானே ஏற்காமல் மன்னிப்பு நடப்பதில்லை. சிலுவை என்பது கடவுள் அந்த இழப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்ட இடம். மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து வசூலித்த இடம் அல்ல.

இதை விளக்க முயன்றவர்கள் பலர். கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098 வாக்கில், பாவத்தால் குலைந்த கடவுளின் மாண்புக்கு ஈடு செய்தல் என்று விளக்கினார். அது பிரபுக்களும் குடிகளும் வாழ்ந்த காலத்தின் மொழி. அடுத்த நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு, அந்த அன்பைக் கண்டு நம் நெஞ்சில் அன்பு பற்றிக்கொள்வதை முன்னிறுத்தினார். சட்டம் படித்த கால்வின் 16-ஆம் நூற்றாண்டில் தண்டனையின் மொழியில் பேசினார். இவற்றில் ஒன்றைத் தேர்ந்து 'இதுவே விளக்கம்' என்று திருச்சபையின் எந்தப் பொதுச்சங்கமும் வரையறுக்கவில்லை. நிசேயா நம்பிக்கை அறிக்கை 'நமக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நமக்குப் பதிலாக அவர் துன்புற்றார் என்ற எண்ணம் எசாயா 53-இலேயே இருப்பதால் அதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் தந்தைக்கு வலியைப் பார்த்து மனம் குளிர்ந்தது என்பதை மட்டும் தள்ளியே ஆகவேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி கிளேர்வோ பெர்னார்டு இதற்கு நேரான பதில் தந்திருக்கிறார்: தந்தைக்கு உகந்தது சாவு அல்ல, விரும்பித் தன்னைக் கொடுத்தவரின் மனம்.

கேள்வி: அப்படியானால் பழைய ஏற்பாட்டில் ஏன் இவ்வளவு ஆடுமாடு, இவ்வளவு இரத்தம்? 'இரத்தம் சிந்தாமல் மன்னிப்பு இல்லை' என்றுதானே எழுதியிருக்கிறது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: லேவியர் நூலின் முதல் ஏழு அதிகாரங்களை அவசரமில்லாமல் ஒருமுறை வாசியுங்கள். அங்கே ஐந்து வகைப் பலிகள்: எரிபலி, உணவுப் படையல், நல்லுறவுப் பலி, பாவம் போக்கும் பலி, குற்றப்பழி நீக்கும் பலி. உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி என்று இருக்கும். பாவம் போக்கும் பலியில் ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது. தலைமைக் குரு தவறினால் இளங்காளை. தலைவன் தவறினால் வெள்ளாட்டுக் கிடாய். சாதாரணக் குடிமகனுக்குப் பெட்டையாடு போதும். பொறுப்பு ஏற ஏறப் பாவத்தின் கனமும் ஏறுகிறது.

ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லையென்றால் பத்தில் ஒரு ஏப்பா, அதாவது இரண்டு லிட்டரைச் சற்றுத் தாண்டும் மிருதுவான மாவு. அதில் எண்ணெயும் சாம்பிராணியும் சேர்க்கக் கூடாது. குரு ஒரு கைப்பிடி எடுத்துப் பீடத்தில் எரிப்பார். மாவு கொண்டுவந்தவருக்கு மன்னிப்பு கிடைக்கும் (லேவியர் 5:11–13). ஒரு சொட்டு இரத்தம் இல்லை. எபிரேயர் 9:22-ஐயும் முழுதாக வாசியுங்கள். திருச்சட்டப்படி 'ஏறக்குறைய' எல்லாமே இரத்தத்தால் தூய்மையாகின்றன என்று தொடங்குகிறது அந்த வசனம். மாவு கொண்டுவந்த ஏழையைக் கடவுள் திருப்பி அனுப்பவில்லை.

இன்னொன்றை மறையுரைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. இந்தப் பாவப்பலிகள் பெரும்பாலும் தெரியாமல் செய்த தவறுகளுக்கானவை. கைநீட்டிக் கடவுளை எதிர்த்துச் செய்த பாவத்துக்குப் பலியே கிடையாது என்கிறது எண்ணிக்கை 15:30. ஏமாற்றியோ பறித்தோ பொருள் சேர்த்தவனுக்குப் பலி உண்டு. ஆனால் பறித்த முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனிடம் கொடுத்தாக வேண்டும். நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. கொடுக்காமல் ஆட்டை மட்டும் இழுத்துக்கொண்டு கோவிலுக்குப் போனால் அந்தப் பலி செல்லாது.

தாவீதின் பெயரில் வரும் 51-ஆம் திருப்பாடல் இந்த இடத்தில்தான் புரியும். உரியாவின் மனைவி பத்சேபாவை அபகரித்ததும் உரியாவைக் கொல்ல வைத்ததும் தெரிந்தே செய்தவை. அவற்றுக்கு லேவியரில் ஆடும் இல்லை, காளையும் இல்லை. அதனால்தான் நொறுங்கிய நெஞ்சத்தைத் தவிரக் கொண்டுவர ஒன்றுமில்லாமல் நிற்கிறார். ஆமோஸ், ஓசேயா, மீக்கா, எசாயா ஆகிய இறைவாக்கினர்கள் பலிகளைச் சாடியதும் இதே காரணத்துக்காக. பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசேயா 6:6-ஐ இயேசு இருமுறை எடுத்துச் சொல்கிறார் (மத்தேயு 9:13, 12:7). பலியை நிறுத்துங்கள் என்பதைவிட, ஏழையை மிதித்துக்கொண்டே பலி கொடுக்காதீர்கள் என்பதுதான் அந்தக் குரலின் சூடு.

கேள்வி: எங்கள் ஊர் அந்தோணியார் கோவிலில் கிடா வெட்டி அசனம் போடுகிறோம். இது பலியா? தவறா? (வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: பாவம் போக்கும் பலி என்று நினைத்து வெட்டினால் தவறு, அது கிறிஸ்துவால் ஒரேமுறையாக முடிந்துவிட்டது. நன்றிக்காக ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டால் தவறில்லை. பழைய நல்லுறவுப் பலிக்கு அது வெகு அருகில் வருகிறது. நன்றிப் பலியின் இறைச்சியை அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், காலைவரை வைத்திருக்கக் கூடாது என்பது விதி (லேவியர் 7:15). ஒரு வீட்டார் ஒரே நாளில் முழு ஆட்டைத் தின்ன முடியுமா? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டே ஆகவேண்டும். பகிர்வைச் சட்டத்துக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

அசனம் கெட்டுப்போவது மூன்று இடங்களில்: வட்டிக்கு வாங்கிக் கிடா எண்ணிக்கையில் போட்டி போடுவது, முதல் பந்தியைப் பெரிய மனிதர்களுக்கென்று ஒதுக்குவது, சொந்தக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டியபின் மிச்சத்தை ஏழைக்கு ஊற்றுவது. கொரிந்து சபையில் இதே தவறு நடந்தபோது, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்து எழுதினார் (1 கொரிந்தியர் 11:20–22).

கேள்வி: ஒரேமுறை பலி என்கிறீர்கள். பிறகு கத்தோலிக்கர்கள் தினமும் 'திருப்பலி' நடத்துவது எப்படி? (சிஎஸ்ஐ சபை வாசகர், மதுரை)

பதில்: எபிரேயர் 10:10-ஐ மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி, லூத்தர் எழுப்பியதும் இதுதான். 1562-இல் திரிதெந்து பொதுச்சங்கம் தந்த விடை: சிலுவையில் தம்மை ஒப்புக்கொடுத்த அதே கிறிஸ்துவே பீடத்திலும் ஒப்புக்கொடுக்கிறார், பலிப்பொருளும் ஒன்று, குருவும் ஒருவர், ஒப்புக்கொடுக்கும் முறை மட்டும் வேறு. புதிதாக ஒரு பலி கூட்டப்படுவதில்லை. முடிந்த பலியின் முன்னால் இன்றைய மக்கள் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறார்கள். பாஸ்கா இரவில் யூதக் குடும்பத் தலைவர் தன் மகனிடம், எகிப்திலிருந்து 'நான்' புறப்பட்டபோது ஆண்டவர் எனக்குச் செய்தது இது என்று சொல்லவேண்டும் (விடுதலைப் பயணம் 13:8). அவர் பிறந்தது பல நூற்றாண்டுகள் கழித்து என்றாலும் அப்படித்தான் சொல்கிறார். நினைவு என்பதற்கு இங்கே அந்த அழுத்தம் உண்டு. 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் கத்தோலிக்கரும் உட்படப் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி ஏற்ற ஆவணமும், கிறிஸ்துவின் பலி திரும்பச் செய்யப்படுவதோ நீட்டிக்கப்படுவதோ இல்லை என்றுதான் சொல்கிறது. முழு உடன்பாடு இன்னும் வரவில்லை. ஆனால் கத்தோலிக்கர் இயேசுவைத் தினமும் கொல்கிறார்கள் என்று மேடையில் பேசுவது உண்மைக்குப் புறம்பு.

அடுத்தமுறை திருப்பலிக்குப் போக வாய்த்தால் காணிக்கை நேரத்தில் குருவின் கையைக் கவனியுங்கள். கிண்ணத்தில் திராட்சை இரசத்தை ஊற்றியபின் சிறிது தண்ணீர் விடுவார், அவ்வளவுதான். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்குப் பொருள் எழுதிவிட்டார். இரசம் கிறிஸ்து, தண்ணீர் மக்கள். இரசம் மட்டும் என்றால் நாம் இல்லாத கிறிஸ்து. தண்ணீர் மட்டும் என்றால் கிறிஸ்து இல்லாத நாம். கலந்தபின் பிரித்தெடுக்க முடியாது. நம் உழைப்பு, நோய், பிள்ளைகளுக்காகப் படும் பாடு எல்லாம் அந்தப் பலிக்குள் போவது அந்தத் தண்ணீரோடுதான்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். சாம்பல் புதனும் புனித வெள்ளியும் பட்டினி கிடந்தால்தான் தவமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: வேண்டாம். கத்தோலிக்கச் சட்டப்படி நோன்பு 18 வயது நிறைந்தது முதல் 60-ஆம் வயது தொடங்கும்வரை, ஆண்டில் அந்த இரண்டு நாள்கள் மட்டுமே கட்டாயம். அன்றுகூட ஒரு முழு உணவும், இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழு உணவாகாத இரு சிற்றுணவும் உண்டு. இறைச்சி தவிர்ப்பது 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்களுக்கும் நோன்பிலிருந்து விலக்கு உண்டு.

இன்சுலின் போடுபவரோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவரோ சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென இறங்கும். வியர்வை, கைநடுக்கம், தடுமாற்றம் வந்தாலோ அளவு 70-க்குக் கீழே போனாலோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளவு பார்க்க வேண்டும். தலைவலி தாங்காமல் நோன்பை விட்டுவிட்டோமே என்று குற்றவுணர்வு படாதீர்கள். நோன்புக்காக மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது. கடவுளுக்கு அது காணிக்கை ஆகாது.

எசாயா 58-இல் கடவுள் கேட்கும் நோன்பு பசித்தவரோடு உணவைப் பகிர்வது. உங்கள் உடலுக்குக் கேடில்லாத ஒன்றைக் குறையுங்கள்: கடைத் தின்பண்டம், இரவுத் தொலைக்காட்சித் தொடர், வாரம் ஒருநாள் மீன். அதில் மிஞ்சும் பணத்தை உண்டியலில் தனியே போட்டு வாருங்கள். மிச்சம் பிடித்த பணம் வீட்டிலேயே தங்கிவிட்டால் அது சிக்கனம் மட்டுமே.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். இதுதான் உன் சிலுவை, இயேசு பொறுத்தாரே, நீயும் பொறுத்துக்கொள் என்கிறார்கள். வெளியேறுவது பாவமா? (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்ட சகோதரி)

பதில்: பாவம் இல்லை, அம்மா. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். அடி வாங்குவது உங்கள் சிலுவை அல்ல. அது அவர் செய்யும் குற்றம்.

இயேசுவே எல்லா அடிக்கும் கழுத்தை நீட்டவில்லை. நாசரேத்தில் மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தபோது கூட்டத்தைக் கடந்து போய்விட்டார் (லூக்கா 4:29–30). கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார் (யோவான் 8:59). ஒரு நகரில் துன்புறுத்தினால் வேறு நகருக்கு ஓடிப்போங்கள் என்று சீடருக்கும் சொன்னார் (மத்தேயு 10:23). பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். சாட்டையடி விழப்போகும்போது, நான் உரோமைக் குடிமகன் என்று சட்டத்தைக் காட்டித் தடுத்தார். சிலுவையை இயேசு ஏற்றது சுதந்திரமாக, பிறர் வாழ்வுக்காக. பயத்தில் ஒடுங்கிக் கிடப்பதில் சுதந்திரம் எங்கே? உங்கள் மௌனத்தால் அவரும் மீட்கப்படுவதில்லை. கை இன்னும் நீளுகிறது, பிள்ளைகள் பார்த்துக் கற்கிறார்கள். திருமணத்தில் தன்னைப் பலியாக்கும் கடமையை எபேசியர் 5:25 யார்மேல் வைக்கிறது என்று அவர்களிடம் திறந்து காட்டுங்கள். கணவன்மேல்.

திருச்சபைச் சட்டம் 1153-உம் தெளிவாகச் சொல்கிறது: துணைவர் உடலுக்கோ ஆன்மாவுக்கோ, பிள்ளைகளுக்கோ பெருந்தீங்கு விளைவித்தால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு, தாமதிப்பது ஆபத்தென்றால் ஆயரின் அனுமதிக்குக் காத்திராமலே பிரியலாம். திருமணத்தை முறிப்பது வேறு, பாதுகாப்பாகப் பிரிந்திருப்பது வேறு. பிரிந்திருப்பதற்காக உங்களுக்கு நற்கருணை மறுக்கப்படாது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பம் பற்றி எழுதியபோது, இப்படிப்பட்ட பிரிவு சில நேரம் அறநெறிப்படியே தேவையாகிறது என்றார்.

இன்றைக்கே செய்யவேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்களை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். காயம் பட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிப் பதியச் செய்யுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக நீதித்துறை நடுவரிடம் மனுக் கொடுத்தால், சாதாரணமாக மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணைக்கு எடுக்க வேண்டும். வீட்டைவிட்டு உங்களை வெளியேற்றாதபடி ஆணையும் கேட்கலாம். மன்னிப்பதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். மன்னித்தாலும் திரும்பி வந்து அடிவாங்க வேண்டும் என்று பொருளில்லை.

கேள்வி: பிறருக்காகத் தெரிந்தே சாவது தற்கொலை ஆகாதா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: வேறுபாடு நோக்கத்தில் இருக்கிறது. 1941 சூலை இறுதியில் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி காணாமல் போனதற்காகப் பத்துப்பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பிரான்சிஸ்செக் காயோவ்னிச்செக் தன் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். போலந்துக் குரு மாக்சிமிலியன் கோல்பே முன்னால் வந்து அவர் இடத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு வாரம் கழித்தும் உயிரோடு இருந்ததால் ஆகஸ்டு 14 அன்று கார்பாலிக் அமில ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பே தேடியது சாவை அல்ல, இன்னொருவரின் உயிரை. 1982-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது காயோவ்னிச்செக் உரோமையில் கூட்டத்தில் இருந்தார்.

திருச்சபை ஒருபோதும் சாவைத் தேடிப்போகச் சொன்னதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா ஆயர் பொலிகார்ப்பு கொல்லப்பட்டதை விவரிக்கும் மடல், குயிந்து என்பவர் தானாகப் போய் ஒப்படைத்துக்கொண்டதையும், விலங்குகளைக் கண்டதும் நடுங்கிப் பேரரசருக்குப் பலி செலுத்தியதையும் சொல்லி, இப்படி வலியப் போவோரை நாங்கள் பாராட்டுவதில்லை என்கிறது. பொலிகார்ப்போ முதலில் ஒரு பண்ணை வீட்டுக்கு ஒதுங்கிப் போனவர்.

நம் புனித தேவசகாயம் போல நம்பிக்கையை விடாததற்காகக் கொல்லப்படுவது மறைசாட்சியம். அவர் 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டார். நம்பிக்கையின் எதிரி யாரும் இல்லாமல், அன்புக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கு 2017 சூலையில் புனிதர் பட்டத்துக்குத் தனி வழி வந்தது: 'உயிர்க் காணிக்கை'. அன்பினால் சுதந்திரமாகக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கொடைக்கும் சீக்கிரம் வந்த சாவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். முன்னரே சாதாரண அளவிலாவது நற்பண்புகளில் வாழ்ந்திருக்க வேண்டும். அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமையும் வேண்டும். மனவிரக்தியில் வரும் சாவு எண்ணம் இதில் எதிலும் சேராது. அது நோய், மருத்துவத்தால் தணியக்கூடியது. உங்கள் கேள்விக்குப் பின்னால் அப்படி ஓர் எண்ணம் இருந்தால் இன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பிழைத்தால் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக அம்மா நேர்ந்துகொண்டார். இப்போது அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. நான் நடக்காவிட்டால் சாபமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சாபம் ஒன்றும் இல்லை. நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் (திருச்சபைச் சட்டம் 1193). அம்மா நேர்ந்தது உங்களைக் கட்டாது. விரும்பினால் நடங்கள், அது உங்கள் அன்பு.

அம்மாவைப் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். என்ன நேர்ந்தார், உறுதியாக வாக்களித்தாரா அல்லது மனத்தில் நினைத்தது மட்டுமா, ஏன் முடியவில்லை என்ற மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். நினைத்தது மட்டும் என்றால் அது நேர்ச்சையே அல்ல. நேர்ச்சைதான் என்றால் நியாயமான காரணத்துக்காக அதிலிருந்து விடுவிக்கவோ, எளிதான வேறொன்றாக மாற்றித் தரவோ பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. அதைவிட மேலான அல்லது சமமான நற்செயலாக என்றால் அம்மா தாமே மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பேருந்தில் போய்வருவது, பக்கத்து வீட்டு நோயாளிக்கு மாதம் ஒருமுறை மருந்து வாங்கித் தருவது, இப்படி எதுவாகவும் இருக்கலாம்.